அந்தப் பையன் யார் கணக்கு?

தொழிற்பயிற்சி நிலைய முதல்வர்களுக்கும் பயிற்சி அலுவலர்களுக்கும்,

போன வாரம் என் அக்கா ஒரு தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவள் மகன் எலக்ட்ரீசியன் பிரிவில் முதலாம் ஆண்டு. வயது 16. கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு ஓ.ஜே.டி., அதாவது வேலை இடத்திலேயே கற்கும் பயிற்சிக்குப் போகப் போகிறான். அதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். "நீ அந்த வேலையிலதான இருக்க, எங்க கையெழுத்துப் போடணும்னு பாத்துச் சொல்லு" என்றாள்.

படித்துப் பார்த்தேன். மொத்தம் பதினோரு வரி. பையன் நேரத்துக்கு வருவான், ஒழுக்கமாக இருப்பான், செல்போன் பயன்படுத்த மாட்டான், கருவி எதையாவது சேதப்படுத்தினால் ஈடு கட்டுவோம். கடைசி வரி இது: "பயிற்சிக் காலத்தில் என் மகனுக்கு ஏற்படும் எந்த அசம்பாவிதத்திற்கும் பயிற்சி நிலையமோ, பயிற்சி அளிக்கும் நிறுவனமோ பொறுப்பல்ல என்பதை முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறேன்."

டிரில்லிங் மெஷின் உடைந்தால் என் அக்கா பொறுப்பு. அவள் மகன் கை உடைந்தால் யாரும் பொறுப்பில்லை.

கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லித் தாளை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். எந்த நிலையத்தின் படிவம் என்று இங்கே எழுதப்போவதில்லை. இதே வரியை வேறு வேறு லெட்டர்பேடுகளில் பார்த்திருக்கிறேன். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் கவருக்குள் இதன் நகல் ஒன்று மடித்துக் கிடக்கும். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நானும் ஐ.டி.ஐ. பையன்தான். வயர்மேன் பிரிவு. 26 வருடமாக மதுரையிலும் திருமங்கலம் பக்கமும் வீடு, கடை, அப்பார்ட்மென்ட் வயரிங் எடுத்துச் செய்கிறேன். கட்டடத்தில் எந்த மூலையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடைசி வரி என்ன செய்யும் என்பதையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் வயரிங் என்னுடையது. பிளம்பிங் வேறொருவர். அவரிடம் ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து மூன்று பையன்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருவனுக்கு அன்றைக்கு மூன்றாவது நாள். இரண்டாம் மாடியில் கிடந்த பி.வி.சி. பைப்புகளை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பைப் பெரிய கனமில்லை. ஆனால் இருபது அடி நீளம். தோளில் வைத்தால் முன்னால் பத்தடி, பின்னால் பத்தடி ஆடிக்கொண்டே வரும். படிக்கட்டில் எப்படியோ திருப்பி மேலே ஏற்றிவிட்டான். பூச்சு வேலை முடிந்த சுவரில் நுனி இடித்துவிடக் கூடாதே என்று ஒரு எட்டு பக்கவாட்டில் வைத்தான். வைத்த இடம் டக்ட்.

குழாய்கள் கீழிருந்து மேலே ஏறுவதற்காகத் தளத்தில் விடும் துவாரம் அது, மூன்றடிக்கு நாலடி. அதன்மேல், கான்கிரீட் போட அடித்த சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்தபோது மிஞ்சிய ப்ளைவுட் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள். மழையில் ஊறி ஓரமெல்லாம் உப்பிப்போனது. அங்கே தினமும் புழங்குகிறவர்களுக்கு அந்தப் பலகையைப் பார்த்தாலே கீழே ஓட்டை இருக்கிறது என்று தெரியும், சுற்றிப் போவோம். மூன்று நாள் ஆனவனுக்கு அது தரையில் கிடக்கும் ஒரு பலகை, அவ்வளவுதான்.

பைப்புகள் சரிந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது. அவன் கத்தவே இல்லை. ஒரு மாடி கீழே, டக்டுக்குள் குறுக்கே கட்டியிருந்த சவுக்குக் கட்டையில் சிக்கிக் கிடந்தான். அந்தக் கட்டை இல்லாமல் இருந்திருந்தால் தரைவரை போயிருப்பான். தொடை எலும்பு முறிந்துவிட்டது. இடது மணிக்கட்டும் போயிற்று. காலில் போட்டிருந்த ஹவாய் செருப்பில் ஒன்று மட்டும் மேலே ப்ளைவுட் ஓரத்தில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் எங்கே விழுந்தான் என்று கேட்டார்கள். விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டுமல்லவா. கூட வந்த சூப்பர்வைசர் கொஞ்சமும் தயங்காமல், "வீட்டு மாடியில விழுந்துட்டான் சார்" என்றார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த பையன் அவரைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். அவன் அப்பா இன்னும் வந்து சேரவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் எனக்கு வரவேண்டிய பில் பாதிக்கு மேல் நிலுவையில் இருந்தது. காரணம் அதுதான், வேறு எதுவும் இல்லை. இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு உங்களிடம் நியாயம் கேட்க எனக்கு வாய் வராது.

மாலைக்குள் அவன் யாருடைய ஆள் என்ற பேச்சு வந்துவிட்டது. "எங்க ரோல்ல அவன் பேரே இல்லையே" என்றார் சைட் என்ஜினியர். "அவன் ஸ்டூடண்ட், நான் கூலிக்கா வச்சிருந்தேன்? கத்துக்க வந்தவன்" என்றார் பிளம்பிங் எடுத்தவர். பயிற்சி நிலையத்துக்குப் போன் போட்டபோது, வளாகத்துக்கு வெளியே நடந்தது, அதோடு பெற்றோர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அந்தக் கடைசி வரியை முதன்முதலாக நான் கேட்டது அன்றைக்குத்தான். போனிலேயே வாசித்துக் காட்டினார்கள்.

பையனுடைய அப்பா வாழைக்காய் மண்டியில் லோடு இறக்குகிறவர். பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுவார், மற்றபடி வாசிக்க வராது. "நான் போட்டதுதாங்க" என்று மட்டும் சொன்னார். தான் போட்ட கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பினார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பிளம்பிங்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று கொஞ்சம் பணம் கொடுத்தார். அது தர்மமாகக் கொடுத்தது. பையன் இப்போது செல்போன் கடை ஒன்றில் உட்கார்ந்து ரீசார்ஜ் செய்கிறான். ஏணி ஏற மாட்டான்.

ஒரு கட்டடத்தில் சிமென்ட் மூட்டைக்குக் கணக்கு உண்டு. சாரத்துக்கு வந்த சவுக்குக் கட்டைக்கு நாள் வாடகைக் கணக்கு உண்டு. கொத்தனார், சித்தாள் எல்லோருக்கும் மேஸ்திரியின் நோட்டில் பெயர் உண்டு; சனிக்கிழமை கூலி போட வேண்டுமே. நீங்கள் அனுப்பிய பையன் மட்டும் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. அவனுக்குக் கூலி கிடையாது, அதனால் நோட்டில் பெயரும் கிடையாது. காலையில் வந்தானா, மாலையில் திரும்பினானா என்று பார்க்க எந்த நோட்டும் இல்லை. உங்கள் வருகைப் பதிவேட்டில் அவனுக்கு நேராக ஓ.ஜே.டி. என்று எழுதியிருக்கும்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. அந்த விபத்துக்கு அப்புறம் ஒரு வருடம் இதைத்தான் தேடித் தேடிப் படித்தேன்.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பழகுநர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர் என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிச் சொல்கிற அதே சட்டம்தான் 16ஆம் பிரிவில், பயிற்சியின்போது காயம் பட்டால் முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கற்றுக்கொள்ள வந்தவன்தானே என்று கை கழுவ அங்கே வழி இல்லை. ஆபத்தான தொழில்களைச் சேர்ந்த பிரிவுகளில் பழகுநராகச் சேர 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்று 2014இல் திருத்தமும் கொண்டுவந்தார்கள். ஆனால் ஓ.ஜே.டி. வரும் பிள்ளைகள் அந்தப் பழகுநர் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போட்டு வருவதில்லை. அவர்கள் கையில் இருப்பது உங்களுடைய கவர் லெட்டர் ஒன்று.

கூலியாளிடமிருந்தே இழப்பீட்டு உரிமையை எழுதி வாங்க முடியாது, வாங்கினாலும் செல்லாது என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். வெள்ளைக்காரன் காலம். அன்றைக்கே ஒரு மூட்டை தூக்குகிறவரிடம் வாங்கக் கூடாது என்று வைத்த கையெழுத்தை, நூறு வருடம் கழித்து அவருடைய 16 வயதுப் பிள்ளைக்காக நீங்கள் வாங்கி ஃபைலில் வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கட்டடம் கட்டுகிறவர்கள் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளர் நல நிதிக்குக் கட்டுகிறார்கள். நல வாரியத்தில் பதிந்த தொழிலாளிக்கு அதிலிருந்து உதவி வரும். பதிய 18 வயது ஆகியிருக்க வேண்டும். சரியான விதிதான், சின்னப் பையனுக்கு இந்த வேலையில் இடமில்லை என்பதுதானே அதன் பொருள். ஆனால் உங்கள் நிலையத்தில் சேர 14 வயது போதும், எட்டாம் வகுப்பு தேறினாலே எடுத்துக்கொள்ளும் பிரிவுகளும் உண்டு. ஆக, வாரியக் கணக்கில் கட்டட வேலைக்கு வயது போதாத பையன், உங்கள் கணக்கில் கட்டடத்துக்குப் பயிற்சிக்குப் போகலாம். அடிபட்டால் வாரியத்தின் கதவும் அவனுக்கு இல்லை.

பாடத்திட்டத்தில் வருடத்துக்கு 150 மணி நேரம் ஓ.ஜே.டி. கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள். நாளுக்கு எட்டு மணி என்று போட்டால் பத்தொன்பது நாள் வரும். பத்தொன்பது நாளில் ஒரு பையன் எதைக் கற்றுக்கொள்வான் என்று என்னைக் கேட்டால் முதலில் இதைச் சொல்வேன்: மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்பதைத்தான் அவன் முதலில் கற்றுக்கொள்கிறான்.

புது இடத்தில் ஒரு பெரியவர் "தம்பி, அதை எடுத்துட்டு வா" என்றால் எடுத்துக்கொண்டு வருகிற வயது அது. பயமாக இருந்தாலும் சொல்ல மாட்டான். என் அக்கா மகனிடமே கேட்டுப் பார்த்தேன். "சாரத்துல ஏறச் சொன்னா என்னடா செய்வ?" "ஏறுவேன் மாமா." "பலகை ஆடுச்சுன்னா?" "புடிச்சுக்குவேன்." "இறங்கிக்கிறேன்னு சொல்ல மாட்டியா?" சிரித்தான். "சொன்னா கிண்டல் பண்ணுவாங்க மாமா. ரிப்போர்ட்ல வேற எழுதிருவாங்க."

ரிப்போர்ட் என்று அவன் சொன்னதைக் கொஞ்சம் கவனியுங்கள். பயிற்சி முடிந்ததும் ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரும் சான்றிதழ் இல்லாமல் அவனுக்கு 150 மணி நேரம் கணக்கில் வராது. அந்த ஒரு கையெழுத்துக்காக அவன் எதற்கும் தலையாட்டுவான்.

உங்கள் வொர்க்‌ஷாப்பில் பாதுகாப்புப் பாடம்தான் முதல் பாடம். எங்கள் காலத்திலும் அதுதான். ஷாக் அடித்தவனை எப்படி விலக்குவது, செயற்கைச் சுவாசம் எப்படிக் கொடுப்பது, எந்தத் தீக்கு எந்த அணைப்பான் என்று நோட்டில் படம் போட்டு எழுதினோம். எல்லாம் சரிதான். ஆனால் கட்டடத்தில் உள்ள மின்சாரம் உங்கள் போர்டில் உள்ள மின்சாரம் மாதிரி ஒழுங்காக இருக்காது. தற்காலிக இணைப்பிலிருந்து இழுத்த வயர் மாடி மாடியாகத் தரையில் கிடக்கும். தளத்தில் க்யூரிங்குக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிளக் இருக்காது. வயரின் நுனியைச் சீவி ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கியிருப்பார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தட்டிவிடுகிற ஆர்.சி.சி.பி. என்ற காப்பு சுவிட்ச் ஒன்று இருந்தால் உயிர் பிழைக்கும். ஆனால் ஈரத்தில் அது அடிக்கடி ட்ரிப் ஆகிறது, வேலை நிற்கிறது என்று அதைத் தாண்டி நேராக லைன் கொடுத்துவிடுவார்கள். நானே கொடுத்திருக்கிறேன், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். அதை எந்தப் பையனும் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

வயர் பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்டும் வேலை இன்னும் மோசம். எலக்ட்ரிக்கல் பையன்களுக்கு எடுத்தவுடன் கொடுப்பது அதைத்தான். பெரிய ஆட்கள் செய்ய விரும்பாத வேலை. நாலு இஞ்ச் மெஷினில் அஞ்சு இஞ்ச் பிளேடு போடுவதற்காக, பிளேடை மூடியிருக்கும் கார்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். பிளேடு சுவரில் சிக்கினால் மெஷின் கையை விட்டுத் துள்ளும். தூசியில் எதிரில் நிற்கும் ஆள் தெரிய மாட்டான். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் நுரையீரலுக்குள் போனால் திரும்ப எடுக்க வைத்தியம் இல்லை. பையன் மூக்கில் கர்ச்சீப் கட்டியிருப்பான். காடி கோணாமல் வந்தால் சாயங்காலம் அவனுக்கு ஒரு டீயும் வடையும் கிடைக்கும்.

பள்ளம் தோண்டுவதை நான் நேரடியாகச் செய்வதில்லை, அதனால் அதிகம் சொல்லவில்லை. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கக் கூடாது என்பது அந்த வேலையின் பாலபாடம். ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் இருக்கும். எர்த் குழிக்கும் செப்டிக் டேங்குக்கும் எத்தனை பிள்ளைகளை இறக்கிவிடுகிறோம் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

ஹெல்மெட்டும் ஷூவும் கொடுத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறீர்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த அளவில்? போன வருடம் என்னிடம் வந்த ஒரு பையனுக்கு எங்கள் ஹெல்மெட்டைக் கடைசிப் பல் வரை இறுக்கியும் குனிந்தால் கண்ணை மறைத்தது. அவன் அதைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத்தான் வேலை செய்தான். நான் திட்டினேன். தப்பு அவன் மேல் இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது.

அந்த விபத்துக்குப் பிறகு என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, செய்ய முடியாதது ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்குச் சொல்கிறேன். முதல் நாள் கருவியைத் தொடக் கூடாது. என்னோடு கட்டடம் முழுக்க மேலிருந்து கீழே நடக்க வேண்டும். டக்ட், லிஃப்ட் குழி, கைப்பிடி வராத படிக்கட்டு, பால்கனி ஓரம், மெயின் போர்டு ஒவ்வொன்றையும் காட்டுவேன். அப்புறம் அவன் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்து, விழ வாய்ப்புள்ள இடங்களை அவனையே சுற்றிக் கோடு போடச் சொல்வேன். ஒரு பையன் போன தை மாதம் எனக்கே தெரியாத ஓர் இடத்தைக் காட்டினான்: மொட்டைமாடித் தொட்டிக்குப் பக்கத்தில் கண்ணாடி போட விட்டிருந்த சின்னத் துவாரம், மேலே சிமென்ட் சாக்கை விரித்திருந்தார்கள். அன்றே ஆள் வைத்துக் கம்பி வலை அடித்தோம். இந்த நடைக்கு எனக்கு ஆகும் செலவு அரை நாள்.

எங்கள் ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் அரக்கர்கள் இல்லை. ஆனால் ஒரு உண்மையை ஒளிக்கவும் முடியாது. இன்றைக்கு ஹெல்பர் கிடைப்பது குதிரைக்கொம்பு. நீங்கள் அனுப்பும் பையன் கூலி கேட்காத ஹெல்பர். "ரெண்டு பசங்கள அனுப்புங்க சார்" என்று உங்களுக்குப் போன் வருவதில் பாதி கற்றுக்கொடுக்கும் ஆசையில் வருவதில்லை. அது உங்களுக்கும் தெரியும். பத்தொன்பது நாளும் மணல் சலித்துவிட்டு, பைப் சுமந்துவிட்டுச் சான்றிதழோடு திரும்பிய பிள்ளைகளை நீங்கள் பார்க்காமலா இருப்பீர்கள்?

இதையெல்லாம் படித்துவிட்டு, வம்பே வேண்டாம், பிள்ளைகளைக் கட்டடத்துக்கு அனுப்புவதையே நிறுத்திவிடலாம் என்று உங்களில் யாராவது முடிவெடுத்தால் அதுவும் எனக்குச் சம்மதமில்லை. பக்கத்தில் தொழில் இடம் கிடைக்காவிட்டால் குழுவாக ஒரு ப்ராஜெக்ட் செய்தால் போதும் என்று பாடத்திட்டமே வழி விட்டிருக்கிறது. அந்த வழியில் ஒதுங்கிக்கொள்வது சுலபம். ஆனால் ப்ளைவுட் போர்டில் வயரிங் கற்ற பையனுக்கு, கான்கிரீட்டுக்குள் புதைந்த பைப் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று தெரியாது. ஸ்பிரிங் விட்டு வயரை இழுக்கும்போது மறுமுனையில் நிற்பவனின் குரலை வைத்தே எங்கே சிக்கியது என்று கண்டுபிடிப்பது கட்டடத்தில் நின்றால்தான் வரும். எனக்கு 17 வயதில் வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி முதல் ஒரு வாரம் என்னை ஏணியைப் பிடிக்க மட்டும் வைத்தார். எரிச்சலாக இருக்கும். ஏணியின் கால் எப்போது வழுக்கும் என்று கையில் தெரிந்துகொண்டது அந்த வாரத்தில்தான். அவர் என்னைத் தன் நோட்டில் எழுதியும் வைத்திருந்தார், என் பெயருக்கு நேராக நாலணாகூடப் போடாவிட்டாலும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான்.

முதலில் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி வைத்த கையெழுத்துகளையும் பெற்றோரிடம் திருப்பிக் கொடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு தாள் தயார் செய்யுங்கள்; அதில் நீங்கள், ஒப்பந்தக்காரர், பெற்றோர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பையன் எந்த முகவரியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை இருப்பான், அங்கே அவனுக்குப் பொறுப்பான ஒரே ஓர் ஆள் யார், அவர் போன் நம்பர் என்ன என்பது அதில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரை எழுதினால் போதாது, ஆளின் பெயர் வேண்டும். அந்த ஆள் அன்றைக்கு வரவில்லையென்றால் பையனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு உங்கள் ஆசிரியர் ஒருவர் அதை வாசித்துச் சொல்ல வேண்டும்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர் செய்யக் கூடாத வேலைகளை அதே தாளில் தமிழில் எழுதுங்கள்: சாரத்தில் ஏறுவது, கைப்பிடியில்லாத தள ஓரத்தில் நிற்பது, மின்சாரம் ஓடும் லைனில் கை வைப்பது, கட்டிங் மெஷின் பிடிப்பது, சென்ட்ரிங் பிரிக்கும் இடத்தில் இருப்பது, பள்ளத்துக்குள் இறங்குவது. இவற்றில் எதைச் செய்யச் சொன்னாலும் மாட்டேன் என்று சொல்லலாம், அதற்காக அவனுடைய நேரமோ மதிப்பெண்ணோ குறையாது என்று உங்கள் கையெழுத்தோடு அவனுக்கே ஒரு நகல் கொடுங்கள். அந்தத் தாள் அவன் பாக்கெட்டில் இருந்தால் கிண்டலைத் தாங்கிக்கொள்வான்.

பிள்ளைகளை அனுப்பும் முன் உங்கள் பயிற்சி அலுவலர் அந்த இடத்துக்கு நேரில் போக வேண்டும். போனில் விசாரித்துவிட்டு ஃபைலில் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதும் வேலை வேண்டாம். பயிற்சி நடக்கும்போது வாரம் ஒரு முறையாவது சொல்லாமல் போங்கள். டக்ட் மூடாமல் கிடந்தால், மின்சாரத்தில் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இருந்தால், பிள்ளைகளை அன்றே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த ஒப்பந்தக்காரருக்கு அடுத்த வருடம் ஒரு பையனையும் கொடுக்காதீர்கள். அது நானாக இருந்தாலும் சரி.

ஹெல்மெட், ஷூ, கையுறை, மாஸ்க், கண்ணாடி ஆகியவற்றை நிலையமே பிள்ளைகளின் அளவுக்கு வாங்கிக் கொடுத்து, முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். வருடா வருடம் வாங்க வேண்டியதில்லை. பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு பையன் பெயரிலும் விபத்துக் காப்பீடு எடுங்கள். அதன் நகல் பெற்றோர் கையில் இருக்கட்டும். ஒப்பந்தக்காரரின் நோட்டில் முதல் நாளே அவன் பெயர் ஏற வேண்டும், கூலிப் பத்தியில் கோடு போட்டிருந்தாலும் பரவாயில்லை.

அடிபட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு உங்கள் ஆள் ஒருவர் போக வேண்டும், எங்கே எப்படி விழுந்தான் என்று பதிவேட்டில் சரியாக எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அன்றே உங்கள் மேலதிகாரிக்கும் தொழிலாளர் துறைக்கும் எழுத்தில் போக வேண்டும்.

அந்தப் படிவம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கையெழுத்தில்லாமல். திங்கட்கிழமை கடைசி நாள் என்று மேலே பென்சிலில் எழுதியிருக்கிறது. காலை பத்து மணிக்கு அக்காவோடு நானும் வருகிறேன். கடைசி வரியை அடித்துவிட்டு, பையனுக்குப் பொறுப்பான ஆளின் பெயரை அதே இடத்தில் எழுதிக் கொடுத்தால் அக்கா அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவாள். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை எழுத்தில் கொடுங்கள். அதோடு, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நான் சொல்லாமல் விட்டதை யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
வயரிங் ஒப்பந்தக்காரர் ஒருவர்,
மதுரை மாவட்டம்